நவகாளிப் பாதையும் நாமசூத்திர மக்களும்

நவகாளி என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்கும் நினைவில் எழுவது ஒரு படமே. எழுபத்தேழு வயது முதியவர் ஒருவர், செருப்பணியாத கால்களுடன், நீண்ட கோலை ஊன்றிக்கொண்டு, வாய்க்காலின் மேலிட்ட மூங்கிற் பாலத்தைக் கடந்து செல்லும் படம் அது. பாடநூல்களிலும் காந்தி ஜயந்தி மலர்களிலும் அதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஆயின் அப்பாலத்தின் இரு கரையிலும் வாழ்ந்த மக்கள் யாவர், அவருள் நம்மைப் போன்ற நிலையில் இருந்தோர் எவர், சமயங்கள் ஒன்றையொன்று பகைத்து நின்ற அந்நாளில் அவர்கள் எப்பக்கம் நின்றனர் என்பவற்றை அப்படம் நமக்குச் சொல்வதில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்கென ஏற்பட்ட நம் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அதனைச் சிறிது விரித்துரைப்பது பொருத்தமாகுமெனக் கருதி இக்கட்டுரையை எழுதலானோம்.

கீழை வங்காளம் ஆறும் சதுப்பும் நிறைந்த நாடு. மழைக்காலத்தில் ஊருக்கு ஊர் படகிலன்றிச் செல்லுதல் அரிது. பரீத்பூர், பாரிசால், யசோர், குல்னா முதலிய மாவட்டங்களின் சதுப்பு நிலங்களைத் திருத்திக் கழனியாக்கியவர்கள் பெரும்பாலும் இரு சாரார். ஒரு சாரார் முஸ்லிம் உழவர். மற்றொரு சாரார் நாமசூத்திரர். உழவும் படகோட்டலும் மீன்பிடித்தலும் இவர்கள் தொழில். நிலமோ பெரும்பாலும் மேற்சாதி இந்து ஜமீன்தார்களுடையது. அரசாங்க ஏடுகளில் நாமசூத்திரருக்கு வழங்கிய பெயர் 'சண்டாளர்' என்பது. உழைத்து உண்ணும் ஒரு பெருங்குடியை இப்பெயரால் எழுதி வைத்தவர்களுக்குக் கை கூசவில்லை. கேட்டவர்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. 1872-73-இல் பரீத்பூர்ப் பகுதியில் அவர்கள் வீட்டு ஈமவிருந்து ஒன்றிற்கு வர மேற்சாதியினர் மறுத்ததை முன்னிட்டு, இனி மேற்சாதியார் நிலத்திலும் வீட்டிலும் வேலை செய்வதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டு, மாதக்கணக்கில் அவ்வுறுதியைக் காத்தனர். பசி அவர்களைப் பின்னர்ப் பணிய வைத்ததாயினும், மானத்தின் பொருட்டுக் கைகட்டி நின்ற உழவர் மறியல்களில் அஃது இந்திய நாட்டில் மிக முற்பட்டவற்றுள் ஒன்று.

அம்மக்களிடையே தோன்றிய அரிச்சந்த் தாகூர் (1812-1878) என்பார், சாதி வேற்றுமையையும் புரோகிதத்தையும் நீக்கிய பக்தி நெறியொன்றை வகுத்தார். 'மத்துவா' என்பது அந்நெறியினர்க்குப் பெயர். பித்துப் பிடித்தவர் என்று மற்றவர் எள்ளிக் கூறியதையே அவர்கள் தம் பெயராக ஏற்றுக்கொண்டனர் என்பர். அரிச்சந்தின் மகனார் குருச்சந்த் தாகூர், தந்தையின் பக்தி நெறியோடு கல்வியையும் சேர்த்தார். 1880-இல் தம் ஊராகிய ஒராகாந்தியில் ஒரு பள்ளி தொடங்கினார். உணவு கிடைப்பினும் கிடையாவிடினும் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்னும் கருத்தமைந்த அவர் வாக்கு இன்றும் மத்துவர்களிடையே வழங்கி வருகிறது.

இங்கேதான் நம் பொருளுக்கு உரிய முதற் சந்திப்பு நிகழ்ந்தது. ஆஸ்திரேலிய பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த டாக்டர் மீடு என்னும் பாதிரியார் இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியில், 1906-ஆம் ஆண்டளவில், ஒராகாந்திக்கு வந்தார். அவர் நாடியது ஆத்தும அறுவடை. குருச்சந்த் நாடியது பள்ளிக்கூடம். இருவரும் தத்தம் நோக்கத்தை மறைத்துக்கொள்ளவில்லை. குருச்சந்த் இடமளித்தார், பாதிரியார் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியும் மருந்தகமும் அமைய உதவினார், அதிகாரிகளிடம் அம்மக்களுக்காக வாதாடினார். 1911-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் 'சண்டாளர்' என்னும் இழிபெயர் நீங்கி 'நாமசூத்திரர்' என்னும் பெயர் ஏறியதில் அவர் வாதாட்டத்திற்கும் பங்குண்டு. பாதிரியார் எதிர்பார்த்தபடி குருச்சந்த் கிறிஸ்தவராகவில்லை. அதன் பொருட்டு நட்பும் முறியவில்லை. ஒருவர் மதத்தை மற்றவர் ஏற்காமலே, பிள்ளைகளின் கல்வி என்னும் ஒரு காரியத்தில் இரு சமயத்தார் நெடுங்காலம் கூடி உழைக்கலாம் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. நம் சென்னையிலும் 1894 முதல் கர்னல் ஆல்காட் நடத்திய பஞ்சமர் பள்ளிகளையும், பண்டித அயோத்திதாசரோடு அவர் கொண்டிருந்த தொடர்பையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கினால், தாழ்த்தப்பட்டோர் பிற சமயத்தாரை நாடிச் சென்றது பெரும்பாலும் எழுத்தறிவின் வாயிலாகவே என்பது விளங்கும்.

முஸ்லிம் அயலாரோடு நாமசூத்திரர் கொண்ட உறவு அத்துணை எளிதன்று. ஒரே வாய்க்கால் நீரைப் பாய்ச்சி, ஒரே சந்தையில் சணலை விற்று, ஒரே வட்டிக்காரனிடம் கடன்பட்டு வாழ்ந்தவர்கள் இவர்கள். ஆற்றில் புதிதாக எழும் மணல்திட்டு யாருக்குரியது என்பது போன்ற வழக்குகளே கைகலப்பாகி, பின்னர் ஊர்ச்சண்டையாகி, ஈற்றில் மதச்சண்டை என்று பெயர் பெறும். 1911-இல் யசோர், குல்னா மாவட்டங்களில் இவ்விரு சாரார்க்குமிடையே கலவரம் மூண்டது. பின்னரும் மூண்டதுண்டு. மேற்சாதி நிலக்கிழார்கள் தம் காரியத்திற்குத் தடியடி வீரர்களாக நாமசூத்திர இளைஞரைப் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. அடிபடுவோரும் அடிப்போரும் ஏழைகள். ஆதாயம் அடைவோர் அங்கு வருவதேயில்லை.

இதனை நன்குணர்ந்தவர் ஜோகேந்திரநாத் மண்டல். 1904-இல் பாரிசால் மாவட்டத்தில் நாமசூத்திரக் குடும்பத்தில் பிறந்து, வழக்கறிஞராகிச் சட்டசபைக்குச் சென்றவர். வங்காளத்தில் முஸ்லிம்களும் தாழ்த்தப்பட்டோரும் ஒருங்கே உழவரும் கூலிகளும் மீனவருமாக உள்ளனர், கல்வியில் ஒருங்கே பிற்பட்டுள்ளனர், ஆகவே இருவர்க்கும் பொருளாதார நலன் ஒன்றே என்பது அவர் கொள்கை. 1943-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த 21 சட்டசபை உறுப்பினர்கள் நசிமுத்தீனின் முஸ்லிம் லீக் அமைச்சரவையை ஆதரிக்க இசைந்தபோது மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோர் மூவர்க்கு அமைச்சர் பதவி வேண்டும். தாழ்த்தப்பட்டோர் கல்விக்கு ஆண்டுதோறும் ஐந்து இலட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும். அரசுப் பணிகளில் வகுப்புவாரி விகிதத்தைக் குறைவின்றிக் கடைப்பிடிக்க வேண்டும். அரசியல் பேரங்களில் எத்தனையோ வகை உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டுதோறும் இவ்வளவு தொகை என்று எழுதி வாங்கிய பேரத்தை, நம் கழகத்தார் போன்றவர்கள் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

1946-இல் அரசியல் நிர்ணய சபைக்கு அண்ணல் அம்பேத்கர் பம்பாயிலிருந்து செல்ல வழியில்லாதபோது, வங்காளச் சட்டசபை உறுப்பினர்களின் வாக்கால் அவர் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன்னின்று உழைத்தவரும் மண்டல் அவர்களே. அது சூலைத் திங்களில். அடுத்த திங்கள் 16-ஆம் நாள் முஸ்லிம் லீக் அறிவித்த நேரடி நடவடிக்கை நாளன்று கல்கத்தா நகரம் கொலைக்களமாயிற்று. நான்கு நாட்களில் இறந்தோர் தொகை நான்காயிரத்திற்குக் குறையாது என மதிப்பிடுவர். இரு மதத்தாரும் இறந்தனர். இந்தச் சண்டையில் தாழ்த்தப்பட்டோர் எவர் பக்கமும் ஆயுதம் ஏந்தலாகாது, ஏந்தினால் பிறர் ஆட்டத்தில் காய்களாகவே ஆவோம் என்று கீழை வங்காளத்தில் ஊர் ஊராகச் சென்று தம் மக்களைத் தடுத்தார் மண்டல்.

அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள், இலட்சுமி பூசை நாளில், நவகாளியில் தீ மூண்டது. அம்மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். நிலமும் வட்டித் தொழிலும் உத்தியோகமும் பெரும்பாலும் சிறுபான்மையினரான இந்துக்களின் மேல்தட்டினரிடம் இருந்தன. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் வடு ஆறவில்லை. கல்கத்தாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் கொண்டுவந்த செய்திகள் ஊரெங்கும் பரவின. 1937-இல் சட்டசபை உறுப்பினராகி 1946 தேர்தலில் தோல்வியுற்ற குலாம் சர்வார் என்பாரின் பேச்சு அதற்கு நெய்யாயிற்று. கொலையும் கொள்ளையும் தீவைப்பும் பெண்கள் மீது வன்முறையும் வட்டாரத்திற்கு வட்டாரம் பரவி அண்டை மாவட்டமாகிய திப்பெராவையும் பற்றின. கொலையுண்டோர் கல்கத்தாவை நோக்கச் சிலரே. ஆனால் வீடிழந்து ஓடியவரும், உயிருக்கு அஞ்சிக் கலிமா ஓத நேர்ந்தவரும் பல்லாயிரவர். பெண்களின் சங்கு வளை உடைக்கப்பட்டது. நெற்றிக் குங்குமம் அழிக்கப்பட்டது. அதே ஊர்களில் அண்டை வீட்டு இந்துக்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்த முஸ்லிம்களும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நிலக்கிழார் மீதிருந்த கோபம் என்று இதற்குக் காரணம் கூறுவோர் உண்டு. அக்காரணம் ஓரளவே பொருந்தும். தாக்குண்டோருள் நிலமே இல்லாத நாமசூத்திரரும் மீனவரும் வண்ணாரும் இருந்தனர். திப்பெராவிற்கும் பெனிக்கும் நேரிற் சென்று பார்த்த மண்டல், தம் வகுப்பினரும் உயிரும் உடைமையும் இழந்ததைப் பின்னர் எழுத்தில் பதிவு செய்தார். கோயிலுக்குள் நுழைய இந்துவாகக் கருதப்படாதவன், வெட்டுண்ணும்போது மட்டும் இந்துவாகக் கருதப்பட்டான்.

இன்னொன்றும் கூறாமல் விட மனம் வரவில்லை. கட்டாயத்தால் மதம் மாறியோரைத் திரும்பவும் தம்முள் சேர்த்துக்கொள்ளலாமா என்னும் கேள்வி அப்போது எழுந்தது. வாள்முனையில் நேர்ந்த மாற்றம் மாற்றமாகாது, அவர்களுக்குப் பிராயச்சித்தமும் தேவையில்லை என்று இந்து சமயத் தலைவர்கள் பலர் விரைந்து அறிவித்தனர். அறிவித்தது நன்றே. ஆயினும் பல நூற்றாண்டாகத் தீராதிருந்த ஒரு குடியின் தீட்டைத் தீர்க்க எந்தப் பண்டிதருக்கும் விரைவு பிறக்காதிருந்ததை நாம் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

காந்தியடிகள் நவம்பர் 7-ஆம் நாள் நவகாளி மாவட்டத்தை அடைந்தார். 20-ஆம் நாள் முதல் ஆறு வாரம் சிறீராம்பூர் என்னும் சிற்றூரில் ஒரு குடிசையில் தங்கினார். உடன்வந்த தொண்டர்களைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே அனுப்பிவிட்டார். பியாரேலால், சுசீலா நய்யார், அம்துஸ் சலாம், சுசேதா கிருபளானி ஆகியோர் அவ்வாறு சென்றவருட் சிலர். கலவரம் நடந்த ஊரில், காவற்படையின் துணையின்றி, அவ்வூர் மக்களோடு மக்களாக வாழ்ந்து அச்சத்தைப் போக்குவதே அவர்கள் பணி. இந்துக்களை ஒரே இடத்தில் திரட்டிக் குடியமர்த்தலாம் என்ற யோசனையை அடிகள் ஏற்கவில்லை. அது பிரிவினையை ஊருக்குள்ளேயே கொண்டுவருவதாகும் என்பது அவர் கருத்து. ஊருக்கு ஒரு முஸ்லிமும் ஒரு இந்துவும் முன்வந்து, திரும்பி வருவோர் உயிருக்குத் தாங்களே பிணை என்று நிற்க வேண்டும் என்றார். அரசாங்கம் சமாதானக் குழுக்கள் அமைத்தது. குற்றவாளிகள் கைதாகாதவரை குழுவில் எவ்வாறு அமர்வது என்று இந்துக்கள் தயங்கினர். வழக்குகளைக் கைவிட்டாலன்றி அமைதி வராதென்று முஸ்லிம் தலைவர்கள் கூறினர். இரண்டு பேச்சிலும் நியாயமுண்டு. இரண்டாலும் காலம் கடந்தது.

1947 சனவரி 2-ஆம் நாள் நடை தொடங்கியது. சில நாளில் செருப்பையும் விடுத்தார். ஏழு வாரத்தில் 47 ஊர்கள், 116 மைல்கள். வண்ணார், மீனவர் முதலியோர் குடில்களிலும், இசைந்த இடத்தில் முஸ்லிம் வீடுகளிலும் தங்கினார். பாட்டியால்பூர் என்னும் ஊரில், கலவரத்தில் அகற்றப்பட்ட தெய்வத் திருவுருவத்தை மீண்டும் எழுந்தருளச் செய்தபோது அவ்வூர் முஸ்லிம்கள் உடனிருந்து, இனி இக்கோயிலுக்குக் காவல் நாங்கள் என்று வாக்களித்தனர். மாலைப் பிரார்த்தனையில் குர்ஆன் ஓதப்பட்டது. ஈசுவரன், அல்லா என்னும் இரு பெயரும் ஒருவனுக்கே உரியன என்னும் கருத்து இராம பஜனையில் இணைந்து பரவியதும் இந்நடையின்போதுதான்.

யாத்திரை முழுதும் பூமாரி பொழிந்ததாக எண்ணுதல் தவறு. நாள் செல்லச் செல்லப் பிரார்த்தனைக்கு வரும் முஸ்லிம்கள் தொகை குறைந்தது. பீகாரில் இந்துக்கள் முஸ்லிம்களைக் கொன்று குவித்திருக்க இவருக்கு இங்கென்ன வேலை என்று துண்டறிக்கைகள் கேட்டன. அக்கேள்வியை அடிகள் அலட்சியம் செய்யவில்லை. அதற்கு விடை கூறவே பின்னர்ப் பீகாருக்குச் சென்றார். அவர் நடந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் முள்ளும் மலமும் இடப்பட்டிருந்த நாட்களும் உண்டு. இலைகளைக் கையிற் கொண்டு அவரே அதனைத் துடைத்து அப்புறப்படுத்தினார். தோட்டித் தொழில் எவர்க்கும் பிறப்பால் உரியதன்று என்று மேடைகளில் நாம் பேசுகிறோம். அதனைப் பேசாமல் செய்து காட்டிய இடம் அது.

அடிகளின் அரிஜன இயக்கத்தைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் கொண்டிருந்த கருத்து வேறுபாட்டை நம் வாசகர் அறிவர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோர்க்குச் செய்தது என்னவென்று வினவி 1945-இல் அவர் வெளியிட்ட நூல் நம் கழக நூலகம் போன்ற எந்நூலகத்திலும் இருக்கத் தக்கது. அவ்வேறுபாட்டை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. எனினும் நவகாளியில் பெண்கள் கூட்டமொன்றில் அடிகள் கூறியதைக் குறிக்காமல் விடுவது நேர்மையாகாது. நாள்தோறும் ஒரு அரிஜனரை வீட்டிற்கு அழைத்து உடனிருந்து உண்ணுங்கள், அது முடியாவிடில் நீங்கள் உண்ணும் சோற்றையோ குடிக்கும் நீரையோ அவர் கையால் தொடச் செய்து பின்னர் உண்ணுங்கள், தீண்டாமையை விடாதவரை இதனினும் பெருந்துயர் காத்திருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். வீடு எரிந்து நிற்கும் மக்களிடம் இதைச் சொல்வது எளிதன்று. கேட்டவர் எத்துணைப் பேர் அதன்படி நடந்தனரோ, அதைக் கணக்கெடுத்தார் இல்லை. ஆனால் முஸ்லிமோடு சமாதானம் வேண்டுமென்று கேட்ட இந்துவை நோக்கி, முதலில் உன் ஊர்ச் சேரியோடு சமாதானம் செய்துகொள் என்று கூறியது, சிக்கலின் வேரைத் தொட்ட பேச்சென்றே நாம் கருதுகிறோம்.

இந்நடையில் நம் மனத்தை மிகவும் ஈர்த்தவர் அம்துஸ் சலாம் அம்மையார். பட்டியாலாவைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணி. நாள் தவறாது தொழுபவர். ஆசிரமத்தில் அடிகளின் மகளெனவே வாழ்ந்தவர். அவர்க்குக் கிடைத்த ஊர் சிரண்டி. அங்கே இந்துக்களின் பூசைக்குரிய வாள்கள் மூன்று கலவரத்தில் கொள்ளை போயின. இரண்டு மீண்டன, ஒன்று மீளவில்லை. அதனைத் திருப்பித் தருமாறு தம் சமயத்தாரை வேண்டி அம்மையார் டிசம்பர்த் திங்கள் இறுதியில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். ஒரு துண்டு இரும்புக்காகவா உயிரை விடுவது என்று கேட்டவர் பலர். இழந்தது இரும்பன்று, அண்டை வீட்டாரின் நம்பிக்கை என்பதை அவர் நோன்பு உணர்த்திற்று. இந்துக் கோயிலின் ஒரு பூசைப்பொருளுக்காக ஒரு முஸ்லிம் பெண் இருபத்தைந்து நாள் பட்டினி கிடந்தார். வாள் கடைசி வரை கிடைக்கவில்லை. சனவரி 20-ஆம் நாள் அடிகள் அவ்வூர்க்கு வந்து, முஸ்லிம் பெரியோர்களோடு நெடுநேரம் பேசினார். இந்துக்கள் தம் சமயத்தை அச்சமின்றிப் பின்பற்ற நாங்கள் துணை நிற்போம் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட பின்னரே நோன்பு முடிந்தது. நவகாளி வரலாற்றில் காந்தியடிகளின் பெயர் பெற்ற இடத்தில் பத்தில் ஒரு பங்கேனும் இவ்வம்மையார்க்குக் கிடைத்திருத்தல் வேண்டும்.

யாத்திரையின் கடைசித் தங்கலிடம் ஹைம்சார். நாமசூத்திரர் மிகுந்த அப்பகுதி கலவரத்தில் பெரிதும் அழிந்துபோன இடம். அங்கே தங்கி மறுவாழ்வுப் பணி செய்துகொண்டிருந்தவர் தக்கர் பாபா. அரிஜன சேவா சங்கத்தின் பணிக்காகத் தமிழ்நாட்டிற்கும் வந்தவர். அவர் பெயரால் சென்னை தியாகராய நகரில் அமைந்த வித்தியாலயம் நம்மவர் அறிந்ததே. எரிந்த குடிசைகளுக்கு மாற்றாகக் கூரை, விதை நெல், ஏர், படகு என்று அவர் பணி சென்றது. சமாதானம் என்பது கைகுலுக்குவதோடு முடிவதன்று, உழவனுக்கு மாடும் மீனவனுக்கு வலையும் திரும்பக் கிடைப்பது என்பதை அவர் போன்றோர் அறிந்திருந்தனர். மார்ச் 2-ஆம் நாள் அடிகள் அங்கிருந்து பீகாருக்குப் புறப்பட்டார். திரும்பி வருவதாகக் கூறிச் சென்றவர்க்கு வர வாய்க்கவில்லை.

வருவதற்கு முயன்றார். 1947 ஆகஸ்டு 9-ஆம் நாள் நவகாளி செல்லும் வழியில் கல்கத்தாவை அடைந்தபோது, அந்நகர முஸ்லிம்கள் தங்களைக் காக்க அங்கேயே தங்குமாறு வேண்டினர். நவகாளியில் இந்துக்களின் உயிருக்கு நீங்கள் பொறுப்பேற்பதானால் தங்குகிறேன் என்றார் அடிகள். அவர்கள் இசைந்தனர். ஆகஸ்டு 13-இல், ஓராண்டுக்கு முன்னர் கல்கத்தாக் கொலைகளுக்குக் காரணர் எனப் பழிக்கப்பட்ட சுராவர்தியோடு, பெலியாகட்டாவில் ஹைதரி மன்சில் என்னும் பாழ்மனையில் ஒரே கூரையின் கீழ்க் குடியேறினார். இந்து இளைஞர் கூட்டம் சாளரங்களை உடைத்தது. ஆயினும் சுதந்திர நாளன்று, வெட்டிக்கொண்ட அதே தெருக்களில் இரு சமயத்தாரும் கட்டித் தழுவினர். அத்தழுவல் இரு வாரமே நீடித்தது. ஆகஸ்டு 31-ஆம் இரவு கும்பலொன்று அவ்வீட்டைத் தாக்கியது. நகரில் மீண்டும் குருதி சிந்தியது. செப்டம்பர் முதல் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். அப்போது மேற்கு வங்க ஆளுநராயிருந்த நம் இராஜாஜி தடுத்துப் பார்த்தார், பயனில்லை. அமைதிக்காகத் தெருவில் இறங்கிய சச்சின் மித்ரா போன்ற இளைஞர் குத்துண்டு மாண்டனர். ஈற்றில் கலவரக்காரர்களே வந்து ஆயுதங்களை ஒப்படைத்தனர். எல்லாக் கட்சித் தலைவரும் எழுத்தில் உறுதியளித்தனர். 73 மணி நேரத்திற்குப் பின், செப்டம்பர் 4-ஆம் நாள் நோன்பு முடிந்தது. பஞ்சாபில் இலட்சக்கணக்கானோர் மடிந்த அந்நாட்களில் கல்கத்தா அடங்கியிருந்தது. நவகாளியிலும் பெருங்கலவரம் எழவில்லை.

இனி மண்டல் அவர்களின் கதைக்கு வருவோம். அதனை முடிக்காமல் விட்டால் நம் கணக்கு நேராகாது. முஸ்லிம்களோடு சேர்ந்து வாழலாம் என்னும் தம் நம்பிக்கையை அவர் வாழ்க்கையைக் கொண்டே சோதித்தார். 1947 ஆகஸ்டில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை கூடியபோது அதன் தற்காலிகத் தலைவராக அமர்ந்தவர் இந்நாமசூத்திரரே. அந்நாட்டின் முதற் சட்ட அமைச்சரும் தொழிலாளர் அமைச்சரும் அவரே. 'ஜோகேன் அலி முல்லா' என்று மேற்சாதி இந்துக்கள் அவரை எள்ளினர். குருச்சந்தின் பேரர் பிரமத ரஞ்சன் தாகூரோ காங்கிரசின் பக்கம் நின்று, பிரிவினைக்குப் பின் மேற்கு வங்கத்தில் தாகூர் நகரை அமைத்து மத்துவர்களைக் குடியேற்றினார். ஒரே சமூகம், இரு வழிகள். 1950 பிப்ரவரியில் பாரிசால் முதலிய இடங்களில் மீண்டும் கலவரம் வெடித்து, இம்முறை தாழ்த்தப்பட்டோர் பெருந்தொகையினராகத் தாக்குண்டனர். தம் அரசே தம் மக்களைக் காக்கவில்லை என்று கண்ட மண்டல், அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள் நீண்டதொரு பதவி விலகல் கடிதம் எழுதிவிட்டுக் கல்கத்தாவில் தங்கினார். அங்கும் அவரை வரவேற்போர் மிகுதியில்லை. அகதிகளின் உரிமைக்குப் போராடி, தேர்தல்களில் தோற்று, 1968 அக்டோபர் 5-ஆம் நாள் காலமானார்.

அவர் ஏமாந்தார் என்று ஒரே சொல்லில் முடிப்போர் உண்டு. நாம் அவ்வாறு முடிக்க விரும்பவில்லை. எல்லை கடந்து வந்த நாமசூத்திர அகதிகளை இப்பக்கத்து அரசுகள் நடத்திய முறையையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். தண்டகாரணியக் காடுகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கு வாழ முடியாமல் சுந்தரவனத்து மரிச்ஜாப்பித் தீவில் தாமே குடியேறிப் பள்ளியும் அமைத்துக்கொண்ட அவர்களை, 1979-இல் மேற்கு வங்க அரசு முற்றுகையிட்டு வன்முறையால் வெளியேற்றியது. அங்கே எதிரில் நின்றது வேற்றுச் சமயமன்று.

நவகாளியில் அடிகள் விட்டுச்சென்ற தொண்டர்களுட் சிலர் பிரிவினைக்குப் பின்னும் அம்மண்ணை விட்டு வரவில்லை. சாரு சௌதுரி என்பார் பாகிஸ்தான் ஆட்சியில் பல்லாண்டு சிறையிலிருந்து, 1971-இல் வங்கதேசம் பிறந்த பின்னரே வெளிவந்தார். அடிகள் 1947 சனவரி 29-ஆம் நாள் தங்கிய ஜெயாக் என்னும் ஊரில், ஹேமந்த குமார் கோஷ் என்னும் பாரிஸ்டர் அளித்த நிலத்தில், அமைந்த ஆசிரமத்தை அவர் மீண்டும் நடத்தினார். அவர்க்குப் பின் அதன் பொறுப்பை ஏற்றவர் ஜர்ணா தாரா சௌதுரி அம்மையார். 1946 கலவரத்தில் வீடிழந்த குடும்பத்துக் குழந்தை அவர். அப்போது வயது எட்டு. அதே மாவட்டத்தில், அவர் குடும்பத்தை விரட்டிய ஊர்களிலிருந்தே வந்த முஸ்லிம் பெண்களுக்கும் இந்துப் பெண்களுக்கும் தறி நெய்யவும் எழுதப் படிக்கவும் கற்பிக்கும் பணியை அவ்வாசிரமம் அவர் காலத்தில் விரிவாகச் செய்தது. இந்திய அரசு 2013-இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. வங்கதேச அரசு 2015-இல் ஏகுஷே பதக்கம் அளித்தது. திருமணம் செய்துகொள்ளாமல் ஆசிரமத்திலேயே வாழ்ந்த அவ்வம்மையார் 2019 சூன் 27-ஆம் நாள் மறைந்தார்.